பிள்ளைக்குச் சூப்பர்ஹீரோ கவசம்: அட்டையா, ஃபோமா, வாடகையா?

மாறுவேடப் போட்டி என்றால் காரைக்குடிப் பக்கம் பெற்றோருக்கு முன்பெல்லாம் பெரிய வேலை இருந்ததில்லை. முண்டாசு, ஒட்டு மீசை, கறுப்புக் கோட்டு, பாரதியார் தயார். வட்டக் கண்ணாடியும் கைத்தடியும் கிடைத்தால் காந்தி. பச்சைத் துண்டைத் தலையில் கட்டிவிட்டால் விவசாயி. இப்போது யு.கே.ஜி. படிக்கிற பிள்ளையிடம் என்ன வேஷம் போடலாம் என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் அயர்ன்மேன் என்று பதில் வரும். பாரதியாருக்கு வேண்டியதெல்லாம் பீரோவில் கிடக்கிறது. இரும்புக் கவசத்துக்கு வேண்டியதை ஒன்று வாங்க வேண்டும், இல்லை செய்ய வேண்டும்.

எதில் செய்வது என்பதற்கு ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அட்டை போதும் என்பார் ஒருவர், தெர்மாகோல் என்பார் இன்னொருவர், எதற்குப் பாடு, வாடகைக்கு எடுத்துவிடு என்பார் மூன்றாமவர். மூவரும் மேடையை மட்டும்தான் பார்க்கிறார்கள். மேடையில் பிள்ளை நிற்பது இரண்டு மூன்று நிமிஷம். உண்மையான உபயோகம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. போட்டி முடிந்த மறுநாள் காலையில் பல் விளக்கியதும் கவசத்தை மாட்டிவிடச் சொல்லி நிற்கும். வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்துக்குள் ஓடும், திண்ணையிலிருந்து குதிக்கும், உள்ளங்கையை நீட்டி அப்பத்தாவைச் சுடும். இது ஒரு மாதமாவது நடக்கும். மேடைக்கு ஏற்றது எது என்று கேட்டால் ஒரு விடையும், அந்த ஒரு மாதத்துக்கு ஏற்றது எது என்று கேட்டால் வேறு விடையும் வருகிறது. நான் இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

எடையும் உட்காருவதும்

பொருளைப் பற்றிப் பேசுமுன் பிள்ளையைப் பற்றிப் பேசிவிடலாம். ஐந்து வயதில் சராசரியாக 110 சென்டிமீட்டர் உயரமும் 18 கிலோ எடையும் இருக்கும். பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்றும் சொல்கிறது. பத்தில் ஒரு பங்குக் கணக்கில் 1.8 கிலோ. கவசத்துக்கு அதுவே எனக்கு அதிகமாகப் படுகிறது. பையை இறக்கி வைத்துவிடலாம். கவசம் உடம்பைச் சுற்றிக் கிடக்கும், அதில் ஒரு பங்கு தலைமேல் உட்காரும். எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குள், தலைக்கவசம் மட்டும் கால் கிலோவுக்குள் என்று வைத்துக்கொண்டால் பிள்ளை சிணுங்காது.

மார்பு, முதுகு, தோள், முன்கை, கணுக்கால், தலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய முக்கால் சதுர மீட்டர் பொருள் செலவாகும். மூன்றடுக்கு அட்டையிலோ 5 மி.மீ. ஃபோமிலோ செய்தால் அரைக் கிலோவைத் தொடாமலே முடிந்துவிடும். காகிதக்கூழில் செய்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அங்கேயே ஒரு போட்டியாளர் பின்தங்கிவிடுகிறார்.

எடைக்கு அடுத்தது உட்காருவது. விழா நாளில் சிறப்பு விருந்தினர் பேசி முடித்து, பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் மாறுவேடம் வரும். அதுவரை பிள்ளை வேஷத்தோடு காத்திருக்க வேண்டும். ஆகவே எதில் செய்தாலும் போட்டிக்கு முன்னால் வீட்டில் வைத்து மூன்று சோதனை செய்துவிடுங்கள். குத்தவைத்து உட்கார முடிகிறதா? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க முடிகிறதா? ஒன்றுக்கு வந்தால் டீச்சர் ஒரே ஆளாக நின்று அரை நிமிஷத்தில் கழற்ற முடிகிறதா? மூன்றாவதில்தான் பல கவசங்கள் தோற்கின்றன. இடுப்புப் பகுதியை மார்போடு ஒட்டாமல் தனியாக வெல்க்ரோ வைத்துக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கூத்துக் கலைஞர்கள் கட்டும் புஜக்கீர்த்தியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கல்யாண முருங்கை மாதிரி எடையே இல்லாத மரத்தில் செய்து, கயிற்றால் தோளில் தனியாகக் கட்டுவார்கள். விடிய விடிய ஆட வேண்டிய ஆள் அவர். கையைத் தூக்கும்போது தோள்பட்டை மட்டும் தூக்கும், மார்பு அசையாது. சின்னப் பிள்ளையின் கவசத்துக்கும் அதே வழிதான். துண்டு துண்டாகச் செய்து, எலாஸ்டிக் பட்டையில் கோத்துவிட வேண்டும். முழங்கைக்கும் முழங்காலுக்கும் எதுவும் வேண்டாம். சிவப்போ கறுப்போ, முழுக்கைப் பருத்தி டிஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் உள்ளே போட்டுவிட்டால் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைக்கும் உரசாது.

வாடகையும் ரெடிமேடும்

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கவசப் படம் அச்சடித்த பாலியெஸ்டர் உடை. மார்பிலும் கையிலும் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்திருப்பார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் முகமூடி. நேரமே இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டான்ஸ் டிரஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆண்டு விழா சீசனில் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்பதால் சின்ன சைஸ்கள் முதலில் தீர்ந்துபோகும். மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வாடகைக்கு எடுத்தால், திருப்பிக் கொடுக்கவும் இன்னொரு முறை போக வேண்டும். பஸ் செலவைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் புதிதாகவே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

எனக்குப் பிடிக்காதது வெக்கைதான். ஸ்பாஞ்ச் வைத்த பாலியெஸ்டருக்குள் காற்றே போகாது. நம் ஊர் மார்ச் மாதத்தில் பந்தலுக்குள் ஒரு மணி நேரம் அதோடு உட்காரவைத்தால் பிள்ளை நனைந்துபோகும். "வேர்த்துக் கொட்டுதுப்பா, கழட்டி விடு புள்ளைக்கு" என்று அப்பத்தா குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார், அவர் சொல்வதிலும் தப்பில்லை. வாடகை உடையை முந்தைய பிள்ளைக்குப் பிறகு துவைத்தார்களா என்பது இன்னொரு கவலை. எடுப்பதானால் உள்ளே முழுக்கைப் பனியன் போட்டுவிடுங்கள். அந்த முகமூடியின் கண் துளையும் பிள்ளையின் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதே அபூர்வம். மேடைப் படியில் ஏறும்வரை அதைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

தவிர, வாடகை உடை மறுநாள் திரும்பிப் போய்விடும். நான் சொன்ன அந்த ஒரு மாதம் அதற்குக் கிடையாது. பெற்றோர் சிலருக்கு அதுதான் அதன் பெரிய வசதி!

சீக்கிரம் தள்ளிவிடக்கூடியவை

தெர்மாகோல். வெட்ட எளிது, எடையே இல்லை, எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். மேடைக்குப் பின்னால் வைக்கும் அலங்காரத்துக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. பிள்ளை போடுவதற்கு வேண்டாம். ஓரங்கள் உதிர்ந்து வெள்ளை மணிகளாகச் சிதறும். சின்னப் பிள்ளைகள் அதை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். ரப்பர் பசை பட்டாலும் ஸ்ப்ரே பெயின்ட் பட்டாலும் அந்த இடம் கரைந்து குழி விழுந்துவிடும். தீயும் சட்டென்று பிடிக்கும்.

காகிதக்கூழ். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் இருக்கிறது, விநாயகர் சதுர்த்திக்கு வரும் பெரிய சிலைகளிலும் இருக்கிறது. வளைவுகளை இதைப்போல் அழகாகக் கொடுக்க வேறு எதனாலும் முடியாது. ஆனால் காய நாள் பிடிக்கும், காய்ந்தால் கனக்கும், ஒரு தடவை கீழே விழுந்தால் விளிம்பு உடையும். பிள்ளையாருக்குச் சரி, ஓடுகிற பிள்ளைக்குச் சரிவராது. அப்படியும் தலைக்கவசத்துக்கு மட்டும் முயன்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது விஷம். பிள்ளையின் முகத்துக்கு நேரே இருக்கப் போகிற பொருளில் அதைச் சேர்க்கவே கூடாது.

சன்போர்டு என்கிற விளம்பரப் பலகைக்கான பிளாஸ்டிக் தகடு விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியும். கையில் பிடிக்கிற கேடயத்துக்கு மட்டும் சரி. முப்பரிமாணப் பிரின்டரில் தலைக்கவசம் அச்சடிப்பது இப்போது இன்ஜினியரிங் படிக்கிற மாமாக்கள் இருக்கும் வீடுகளில் நடக்கிறது. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். அதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். விழாவுக்கு வந்த காரை வெயிலில் நிறுத்தி, உள்ளே தலைக்கவசத்தை வைத்துவிட்டுப் போனால் திரும்பும்போது அது கோணியிருக்கும். ஓரங்களும் கூர்மை.

தகரம் வேண்டவே வேண்டாம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் மூடிகளையும் பித்தளைத் தட்டுகளையும் பார்க்கும்போது, இதையே மார்பில் கட்டிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்யும். கண்காட்சிக்கு வைக்கலாம், பிள்ளை உடம்பில் வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு பொருள் பனையோலை. கொட்டான் (ஓலைக் கூடை) முடைகிறவர்கள் யாராவது பழக்கமாக இருந்தால் முன்கைக் கவசத்தை ஓலையில் முடைந்து வாங்கலாம். எடை ஒன்றுமே இருக்காது, காற்றும் புகும். பழைய காலத்துப் போர்வீரன் வேஷத்துக்கு அற்புதமாக இருக்கும். அயர்ன்மேன் கேட்ட பிள்ளை அதை ஒப்புக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

அட்டை

மிச்சம் இருப்பவை இரண்டு. அவற்றில் அட்டைக்குத்தான் என் முதல் மரியாதை. செக்காலை ரோட்டில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கடைகளில் கேட்டால் பெரிய பெட்டியைச் சும்மாவே கொடுப்பார்கள், இல்லையென்றால் பழைய பேப்பர் கடையில் கிலோ விலைக்குக் கிடைக்கும். வெட்டுக்கத்தி, மாஸ்கிங் டேப், ஃபெவிகால், அக்ரிலிக் பெயின்ட், எலாஸ்டிக் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டுவது கஷ்டம். தப்பாக வெட்டிவிட்டால் இன்னொரு துண்டு. செலவில்லாமல் தப்பு செய்ய விடுகிற ஒரே பொருள் இதுதான்.

அட்டையில் வேலை செய்யத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே குழல் குழலாக ஓடுவது தெரியும். குழல் ஓடுகிற திசையிலேயே மடிப்பு விழுந்தால் அட்டை ஒழுங்காக வளையும். குறுக்கே வளைத்தால் நெளிந்து வெள்ளைக் கோடு விழும். மார்புக் கவசம் உடம்பைச் சுற்றி வளைய வேண்டும் என்பதால் குழல் மேலிருந்து கீழாக ஓடும்படி வரைந்துகொள்ளுங்கள். வெட்டியதும் அப்படியே வளைக்காதீர்கள். ஊஞ்சல் பலகையின் விளிம்பில் அட்டையை வைத்து, ஒரு கையால் அழுத்தி, மறு கையால் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு குழலாக நசுங்கும் சத்தம் சன்னமாகக் கேட்கும். நாலைந்து தடவை இழுத்தால் அட்டை தானாகவே அரைவட்டமாகச் சுருண்டு நிற்கும், மடிப்பே தெரியாது. தேக்குப் பலகையின் விளிம்பு மழுங்கியிருப்பதால் தாளும் கிழியாது. மேசை விளிம்பிலும் செய்யலாம், அந்த நயம் வராது.

இன்னொன்று. மேல்தாளை லேசாக ஈரத் துணியால் ஒற்றி உரித்தெடுத்தால் உள்ளே இருக்கும் நெளிவு வெளியே வரும். இடுப்பிலும் கழுத்துப் பக்கத்திலும் அந்த நெளிவை அப்படியே விட்டு வெள்ளிப் பெயின்ட் அடித்தால் இயந்திர மூட்டு போல இருக்கும். எந்த விலை உயர்ந்த பொருளிலும் இதைச் செய்ய இரண்டு மணி நேரம் ஆகும், அட்டையில் ஐந்து நிமிஷம்.

அட்டையின் எதிரி ஈரம். வேர்வையும் ஈரம்தான். உள்பக்கம் முழுவதும் அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டிவிட்டால் ஒரு மாலை நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். அந்த ஒரு மாதத்துக்குப் பிடிக்காது. திண்ணையிலிருந்து குதிக்கிற இரண்டாம் நாளே மார்பின் கீழ் ஓரம் மடங்கிவிடும். ஒருமுறை மடங்கின அட்டை எப்போதும் அந்த இடத்தில்தான் மடங்கும்.

போட்டி எந்த மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு என்றால் நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிறது, வீடெல்லாம் ஈரக் காற்று. அட்டை தானே தளரும், ஃபெவிகால் காயாது, பெயின்ட் காயாமல் கையில் ஒட்டும். ஆண்டு விழா பிப்ரவரி, மார்ச்சில் என்றால் காலையில் பெயின்ட் அடித்தது மத்தியானச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும். ஒரே பொருள், ஒரே கை, நவம்பரில் ஒரு மாதிரியும் பிப்ரவரியில் வேறு மாதிரியும் வரும். மழைக்காலத்துக்கு அட்டையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஃபோம்

ஃபோம் என்று கடையில் கேட்டால் நாலு விதத்தைக் காட்டுவார்கள். நமக்கு வேண்டியது ஈ.வி.ஏ. ஃபோம். பிள்ளைகள் விளையாட ஒன்றோடொன்று கோத்துத் தரையில் விரிக்கும் வண்ணப் பாய்களில் பெரும்பாலானவை இதுதான். எடையில்லாத புதுமாதிரிச் செருப்புகளும் இதில்தான் வருகின்றன. டி.வி. பெட்டிக்குள் வெள்ளையாக வருகிற பேக்கிங் ஃபோம் வேறு. அதில் பெரிய பெரிய குமிழ் கண்ணுக்கே தெரியும், பெயின்ட் நிற்காது, பசையும் நிற்காது. ஓசியில் கிடைக்கிறதே என்று அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

பருமன் முக்கியம். பெரியவர்கள் செய்யும் கவசங்களுக்கு 10 மி.மீ. பயன்படுத்துவார்கள், தரைப் பாயும் அந்தப் பருமனில்தான் அதிகம் கிடைக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைப் போட்டால் கை உடம்போடு ஒட்டாமல் விரிந்தே நிற்கும். மார்புக்கும் தலைக்கும் 5 மி.மீ., முன்கைக்கும் கணுக்காலுக்கும் 3 மி.மீ. போதும். ஸ்டேஷனரிக் கடையில் ஏ4 அளவில் வரும் 2 மி.மீ. வண்ணத் தாள், மேலே ஒட்டும் கோடுகளுக்கும் பட்டைகளுக்கும் ஆகும். 5 மி.மீ. பெரிய தாளை ஆன்லைனில் வரவழைப்பதுதான் சுலபம். வரச் சில நாள் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். செலவு அட்டையைப் போல் இரண்டு மூன்று மடங்கு.

இதன் சிறப்பு, சூடு காட்டினால் சொன்னபடி கேட்பது. மொபைல் ரிப்பேர் கடைகளிலும் காருக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளிலும் சூடான காற்று ஊதும் துப்பாக்கி ஒன்று வைத்திருப்பார்கள். அதை அரை நாள் இரவல் வாங்கலாம், அல்லது வெட்டிய துண்டுகளை அங்கேயே கொண்டுபோய்க் காட்டலாம். மேற்பரப்பு லேசாகப் பளபளப்பு ஏறும்வரை சூடு காட்டி, உடனே எவர்சில்வர் குண்டான் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷத்தில் ஆறிவிடும், கையை எடுத்தால் குண்டான் வளைவு ஃபோமில் அப்படியே நிற்கும். தலைக்குக் குண்டான், தோளுக்குச் சொம்பு, மார்புக்கு உங்கள் தொடையே போதும். ஹேர் டிரையரின் சூடு பத்தாது. இஸ்திரிப் பெட்டியை பட்டர் பேப்பர் மேல் வைத்துச் சூடேற்றினால் பெரிய வளைவுகள் வரும். அடுப்புத் தீயில் காட்டுவது கூடாது, பற்றிக்கொள்ளும். சூடு காட்டும்போது புகை வாடை வரும் என்பதால் முற்றத்தில் செய்யுங்கள், பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் உதவாது. செருப்புக்கும் சோபாவுக்கும் போடும் மஞ்சள் நிற ரப்பர் பசை வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிஷம் விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நகர்த்த முடியாது. அதிலிருந்து வரும் ஆவி தலை சுற்ற வைக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கும். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது. ஒட்டி முடித்த கவசத்தை இரண்டு நாள் காற்றாட வைத்துவிட்டு, வாடை போன பிறகுதான் பிள்ளைக்குப் போட வேண்டும். பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன் வேகமானதுதான், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த ஒட்டு இளகி விட்டுவிடும்.

பெயின்ட் அடிக்குமுன், தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மூன்று பூச்சு பூசிக் காயவிட வேண்டும். இல்லையென்றால் ஃபோம் பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் அக்ரிலிக். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் இரண்டாங்கட்டிலோ பரணிலோ பாதி தீர்ந்த பெயின்ட் டப்பாக்கள் கிடக்கும், சிவப்பும் அலுமினியமும் அதில் நிச்சயம் இருக்கும். அதை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பிள்ளையோ கவசத்தின் ஓரத்தைக் கடிக்கும்.

இத்தனை வேலைக்கும் பலன் உண்டா? உண்டு. விழுந்தால் உடையாது, மிதித்தால் நிமிரும், வேர்வையைத் துடைத்துவிடலாம், மழை நாளில் தளராது. பிள்ளை தூணில் மோதினாலும் மெத்தென்று இருக்கும். குறை, அட்டையைவிடச் சூடு அதிகம். காற்றுப் போகாத பொருள். அதனால் முதுகை முழுவதும் மூடாமல், குறுக்கே இரண்டு எலாஸ்டிக் பட்டை மட்டும் விடுங்கள். மேடையில் பிள்ளை பார்வையாளரைப் பார்த்துத்தான் நிற்கப் போகிறது, முதுகு தெரியாது.

அப்போ நான் எதை எடுப்பேன்?

பிப்ரவரி மாதம், முதல் முறை செய்கிறீர்கள், கையில் ஒரு வாரம்தான் என்றால் அட்டை. மழைக்காலம் என்றாலோ, பிள்ளை பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாத ரகம் என்றாலோ ஃபோம். இரண்டையும் கலப்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. முதலில் அட்டையில் முழுக்கவசமும் செய்து பிள்ளைக்குப் போட்டு, உட்காரவைத்து, ஓடவிட்டு, எங்கே குத்துகிறது என்று பார்த்து வெட்டிச் சரிசெய்துவிட வேண்டும். அளவு சரியான அந்த அட்டைத் துண்டுகளையே மாதிரியாக வைத்து ஃபோமை வெட்டினால் விலை கொடுத்து வாங்கிய பொருள் வீணாகாது. மார்பின் கீழ் ஓரம் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட வேண்டும், கழுத்துக்கும் மேல் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் உட்கார்ந்ததும் கவசம் மேலேறித் தாடையில் இடிக்கும்.

காலுக்குத் தனிப் பூட்ஸ் செய்ய ஆசை வரும். ஃபோம் அடிப்பாகம் ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கும், அதுவும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேறிய பழைய தரையில் சொல்லவே வேண்டாம். பிள்ளையின் சொந்த கேன்வாஸ் ஷூவைப் போட்டு, மேலே மட்டும் ஒரு துண்டை எலாஸ்டிக்கில் மாட்டிவிடுங்கள்.

அயர்ன்மேனுக்கு இருப்பது மாதிரி மார்பில் வெளிச்சம் வேண்டும் என்று பிள்ளை கேட்காமல் இருக்காது. கார்த்திகைக்கு வாங்கிய மின் அகல் விளக்கு ஒன்று கையில் கிடைக்கும், அளவும் அச்சு அசலாகப் பொருந்தும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பொத்தான் பேட்டரி. பிள்ளை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஸ்குரூ போட்டு மூடிய பெட்டிக்குள் பென்சில் பேட்டரி போடுகிற விளக்காகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீல நிற ஜிகினாத் தாள் வட்டம் ஒன்று போதும், மேடை விளக்கில் அதுவே மின்னும்.

தலைக்கவசத்துக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பெரியவர்களுக்கான அச்சு மாதிரிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை ஜெராக்ஸ் கடையில் சின்னதாக்கும்போது உயரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பெரியவர் 175, பிள்ளை 110 என்றால் 63 சதவீதம். மார்புக்கும் கைகாலுக்கும் அது ஏறக்குறைய சரி. தலைக்கு அது ஒத்துவராது. ஐந்து வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு 51 சென்டிமீட்டர், பெரிய ஆணுக்கு 57. அதாவது தலைக்கு 90 சதவீதம். 63-இல் எடுத்த தலைக்கவசம் பொம்மைக்குத்தான் பொருந்தும். முகத்தை மூடாமல் விட்டுவிடுங்கள், முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்த மாதிரி ஒட்டிவிடலாம். பிள்ளைக்குப் பார்வை மறைக்காது, மூச்சு முட்டாது, போட்டோவில் முகமும் தெரியும்.

ஐந்திலிருந்து ஆறு வயதுக்குப் போகும்போது பிள்ளை 6 சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். மார்புக் கவசத்தின் பக்கவாட்டு எலாஸ்டிக்கை நீளமாக்கினால் இன்னொரு வருஷம் ஓடும், கணுக்கால் துண்டுகள் குட்டையாகிவிடும். தலை மட்டும் எட்டு வயது வரைக்கும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே கூடும். நேரமோ பணமோ குறைவாக இருந்தால் உடம்பை அட்டையில் முடித்துவிட்டு, வாங்கிய ஃபோமைத் தலைக்கு ஒதுக்குங்கள். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, ஓட்டுக்கு அடியில் கொதிக்கிற பரணில் போடாமல் கட்டிலுக்கடியில் வைத்தால் மூன்று வருஷமும் அதே தலைக்கவசம்தான். ஹீரோ மாறினால் மேலே வேறு நிறம் அடித்துக்கொள்ளலாம்.